புகைப்பது பாவமா? வேதத்தை முன்வைத்து நம்மவர்கள் கேட்கும் கேள்விகள்

ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் அருந்தும்போதும், வாரநாள் வேதபாடக் கூட்டங்களிலும், விடுதிகளில் தங்கி வேலை செய்யும் சகோதரர்களின் ஐக்கியத்திலும் இந்த ஐயம் திரும்பத் திரும்ப எழுகிறது. கேட்பவர்களில் புகைப்பவர்களும் இருக்கிறார்கள், புகைப்பவர்களின் மனைவியரும் தாய்மாரும் இருக்கிறார்கள். நான் போதகர் அல்லேன். சிங்கப்பூரில் ஒரு தமிழ்ச் சபையில் வேதபாட வகுப்பு நடத்தும் விசுவாசி. கேட்டவர்கள் கேட்ட விதமாகவே கேள்விகளை எழுதி, வேதத்திலிருந்து நான் கண்ட பதில்களைத் தந்திருக்கிறேன். வசனங்கள் நம் சபைகளில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பில் உள்ளபடி இருக்கின்றன. கத்தோலிக்க அன்பர்கள் அதே அதிகாரத்தையும் வசனத்தையும் திருவிவிலியத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

பைபிளில் சிகரெட், பீடி, சுருட்டு என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா?

இல்லை. புகையிலை அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்ட செடி. கொலம்பஸ் 1492-இல் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் ஐரோப்பியரும், அவர்கள் வழியாக ஆசியாவில் உள்ள நம்மவர்களும் அதை அறிந்தார்கள். புதிய ஏற்பாட்டின் கடைசிப் புத்தகம் அதற்கு ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி முடிக்கப்பட்டுவிட்டது. ஆகவே மோசேயோ பவுலோ புகையிலையைப் பற்றி ஆதரவாகவோ எதிராகவோ ஒரு வார்த்தை சொல்லியிருக்க வழியே இல்லை.

1611-இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆங்கில வேதாகமத்தை மொழிபெயர்க்க ஏற்பாடு செய்த இங்கிலாந்து அரசர் முதலாம் ஜேம்ஸ், 1604-இல் புகையிலையைக் கடுமையாகக் கண்டித்து ஒரு சிறு நூலே எழுதினார். அந்தப் பழக்கம் கண்ணுக்கும் மூக்கிற்கும் மூளைக்கும் நுரையீரலுக்கும் கேடு என்பது அவருடைய வாதம். அத்தனை வெறுப்புக் கொண்டிருந்த அவராலும் நேரடியான தடை என்று ஒரு வசனத்தைக் காட்ட முடியவில்லை. "வேதத்தில் தெளிவாகத் தடை இருக்கிறது" என்று யாராவது உங்களிடம் சொன்னால், எந்த இடத்தில் என்று பணிவோடு கேளுங்கள்.

பேரே இல்லாத ஒன்றை எப்படிப் பாவம் என்று சொல்ல முடியும்?

வேதம் பெயர் சொல்லிக் கண்டிப்பவை சில. நியாயத்தைச் சொல்லி நம்மையே நிதானிக்க விடுபவை பல. ஹெராயினைப் பற்றியும் வேதத்தில் ஒரு வரி இல்லை. அதனால் அது குற்றமற்றது என்று எந்த விசுவாசியும் சொல்லத் துணிவதில்லை. இப்படிப்பட்ட காரியங்களை நிதானிக்க மூன்று வசனங்கள் எனக்கு உதவுகின்றன. "எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு, ஆகிலும் நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்" என்கிறது 1 கொரிந்தியர் 6:12. "அன்பானது பிறனுக்குப் பொல்லாங்கு செய்யாது" என்கிறது ரோமர் 13:10. "விசுவாசத்தினாலே வராத யாவும் பாவமே" என்கிறது ரோமர் 14:23. இது என்னை அடிமைப்படுத்துகிறதா, அடுத்தவரைக் கெடுக்கிறதா, தேவனுக்கு முன்பாக உறுத்தல் இல்லாமல் இதை என்னால் செய்ய முடிகிறதா என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள்.

என் நிலையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். புகையிலை என்ன செய்யும் என்பதை அறிந்த இந்தக் காலத்தில், அறிந்துகொண்டே புதிதாகப் புகைக்கத் தொடங்குவது பாவம் என்றே நம்புகிறேன். ஏற்கெனவே அதில் சிக்கிக்கொண்டு, விடமுடியாமல் தவிப்பவரிடம் அதே சொல்லை அதே தொனியில் சொல்வதற்கு வேதம் இடம் தரவில்லை என்றும் நம்புகிறேன். இனி வரும் பதில்கள் இந்த இரண்டிற்கும் இடையில்தான் நிற்கின்றன.

"உங்கள் சரீரம் தேவனுடைய ஆலயம்" என்ற வசனம் ஒன்றே போதாதா? எங்கள் வீட்டில் அப்பாவிடம் அதைத்தான் எப்போதும் சொல்வோம்.

அந்த வசனத்தைச் சொல்பவர்களில் பலர் இரண்டு பகுதிகளை ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். "ஒருவன் தேவனுடைய ஆலயத்தைக் கெடுத்தால், அவனைத் தேவன் கெடுப்பார்" என்று அச்சுறுத்தும் வசனம் 1 கொரிந்தியர் 3:17. அங்கே பவுல் பேசுவது, நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று சபையைப் பிளந்துகொண்டிருந்தவர்களிடம். அங்கே ஆலயம் என்பது சபை. சபையைப் பிளப்பவருக்குச் சொல்லப்பட்ட எச்சரிக்கையை எடுத்து, இருமிக்கொண்டிருக்கும் அப்பாவின் மீது வீசுவது நியாயமாகாது.

தனி மனிதரின் சரீரத்தைப் பற்றிச் சொல்வது 6:19. அதன் சூழல் வேசித்தனம். புகையோ உணவோ அல்ல. ஆனாலும் அந்தப் பகுதி முடியும் விதம் நம் கேள்விக்கு உதவுகிறது. "கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்களே, ஆகையால் தேவனுக்கு உடையவைகளாகிய உங்கள் சரீரத்தினாலும் உங்கள் ஆவியினாலும் தேவனை மகிமைப்படுத்துங்கள்" என்று பவுல் முடிக்கிறார். என் உடல் என் சொத்து, அதை நான் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்வேன் என்று விசுவாசி சொல்ல முடியாது என்பதற்கு இது உறுதியான ஆதாரம். வீட்டில் அப்பாவிடம் ஒரு வசனம் சொல்ல வேண்டுமானால் 3:17-ஐ விட்டுவிட்டு இதைச் சொல்லுங்கள். நீங்கள் எங்களுக்கு அருமையானவர், தேவனுக்கும் அருமையானவர் என்ற பொருளும் அதில் சேர்ந்தே வருகிறது.

"வாய்க்குள்ளே போகிறது மனுஷனைத் தீட்டுப்படுத்தாது" என்று இயேசுவே சொல்லியிருக்கிறாரே?

மத்தேயு 15:11. கைகழுவாமல் சாப்பிடுவது தீட்டா என்று பரிசேயர் எழுப்பிய வழக்கிற்கு இயேசு தந்த தீர்ப்பு அது. உள்ளே போவது எதுவுமே உடலைக் கெடுக்காது என்று அவர் சொல்லவில்லை. தேவனுக்கு முன் மனிதரைத் தீட்டாக்குவது எது என்பதே அங்கே பேச்சு. ஆகவே இந்த வசனத்தைக் காட்டிப் புகைப்பதற்கு அனுமதி வாங்க முடியாது.

ஆனால் மறுபக்கத்தாருக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. புகைப்பவரை அசுத்தன், தீட்டுள்ளவன் என்று ஒதுக்கி, பக்கத்து நாற்காலியில் உட்காரத் தயங்குகிறவர்கள், அதே பகுதியில் இதயத்திலிருந்து புறப்படுபவை என்று இயேசு அடுக்கும் பட்டியலை வாசிக்க வேண்டும். பொய்ச்சாட்சியும் தூஷணமும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

புகைப்பது மெதுவான தற்கொலை, அதனால் "கொலை செய்யாதிருப்பாயாக" என்ற கட்டளையை மீறுவதுதானே?

அந்த அளவுக்குச் செல்ல நான் துணியமாட்டேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி புகையிலை ஆண்டுதோறும் 70 இலட்சத்துக்கும் அதிகமானோரின் உயிரைக் குடிக்கிறது. ஆகவே கேடு பெரியது என்பதில் ஐயமில்லை. ஆனால் சாக வேண்டும் என்று எண்ணி எவரும் சிகரெட்டைப் பற்றவைப்பதில்லை. நோக்கத்தைப் பார்க்காமல் செயலை மட்டும் வைத்துக் கொலை என்று தீர்ப்பது வேதத்தின் வழக்கமும் அல்ல. அறியாமல் கைதவறிக் கொன்றவனுக்காக அடைக்கலப் பட்டணங்களை ஏற்படுத்தியவர் தேவன்.

உயிரைப் பேணும் கடமை அந்தக் கட்டளைக்குள் அடங்கியிருக்கிறது என்பது வேறு. அதை நான் முழு மனதோடு ஏற்கிறேன்.

நான் ஒரு நாளைக்கு இரண்டே இரண்டுதான் பிடிக்கிறேன். என்னை அடிமை என்று சொல்ல முடியுமா?

எண்ணிக்கையைக் கொண்டு இதைத் தீர்மானிக்க முடியாது. புகையிலையில் உள்ள நிக்கோட்டின் சில நொடிகளில் மூளையை எட்டி, மீண்டும் கேட்கும்படி அதைப் பழக்கிவிடும் பொருள். ஆகவே எத்தனை பிடிக்கிறீர்கள் என்பதைவிட, பிடிக்க முடியாதபோது என்ன ஆகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். சாங்கி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு நான்கு மணி நேரப் பயணம். இறங்கியதும் பெட்டிக்காகக் காத்திருக்கும் குடும்பத்தை விட்டுவிட்டு வாசலைத் தேடி ஓடுகிறீர்களா? பிரசங்கம் பத்து நிமிடம் நீண்டால் கை சட்டைப்பையைத் தடவுகிறதா? நாளைக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தால், எரிச்சலில்லாமல் அந்த நாளைக் கடக்க முடிகிறதா?

முடிகிறது என்றால் நல்லது, அப்படியே அடுத்த நாளையும் கடந்துவிடுங்கள். முடியவில்லை என்றால் "நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்" என்ற வசனம் உங்களிடம்தான் பேசுகிறது. புகைப்பதைப் பற்றி வேதத்தில் உள்ளவற்றில் மிக நேரானதும் மிக வலிமையானதும் இந்த வசனமே என்று நான் கருதுகிறேன். உடல்நலக் கணக்குகள் எல்லாம் ஒருநாள் மாறினாலும் இது மாறாது. ஆண்டவர் ஒருவருக்கே உரிய இடத்தில், கட்டளையிடும் இடத்தில், ஒரு சிறு குழல் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் இங்கே உள்ள குற்றம்.

ஸ்பர்ஜன் போன்ற பெரிய தேவ ஊழியரே சுருட்டுப் பிடித்தாரே?

பிடித்தார்; மறைக்கவும் இல்லை. 1874-இல் லண்டனில் அவருடைய சபைக்கு வந்திருந்த ஓர் அமெரிக்கப் போதகர் புகைப்பழக்கத்தைக் கண்டித்துப் பேசியதும், ஸ்பர்ஜன் எழுந்து, தேவனுடைய மகிமைக்கென்றே தாம் அன்றிரவு ஒரு சுருட்டுப் புகைக்கப்போவதாகச் சொன்னார். பத்துக் கட்டளைகளையே கைக்கொள்ளப் பாடுபடும் தமக்கு அவற்றைப் பதினொன்றாகவோ பன்னிரண்டாகவோ ஆக்கும் எண்ணம் இல்லை என்பது அவருடைய பதில். மனிதர் கட்டளைகளை தேவனுடைய கட்டளைகளாக உயர்த்தக் கூடாது என்ற அவருடைய கவலையை நான் மதிக்கிறேன்.

ஆனால் அவர் வாழ்ந்த காலத்தை மறக்கக் கூடாது. புகைப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் டாலும் ஹில்லும் விரிவாகக் காட்டியது 1950-இல். அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை வந்தது 1964-இல். ஸ்பர்ஜன் 1892-இலேயே இறந்துவிட்டார். "ஒருவன் நன்மைசெய்ய அறிந்தவனாயிருந்தும், அதைச் செய்யாமற்போனால், அது அவனுக்குப் பாவமாயிருக்கும்" என்கிறது யாக்கோபு 4:17. அறிவு கூடும்போது பொறுப்பும் கூடுகிறது. அழுகிய நுரையீரலின் படம் அச்சிட்ட பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, ஸ்பர்ஜனின் அறியாமையை நாம் கடன் வாங்க முடியாது.

அளவுக்கு மீறிச் சாப்பிட்டு நீரிழிவு வந்தவரை யாரும் பாவி என்பதில்லை. புகைப்பவரை மட்டும் ஏன்?

இந்தக் கேள்வி நம் சபைகளைச் சுடவேண்டிய கேள்வி. "மதுபானப்பிரியரையும் மாம்சப் பெருந்தீனிக்காரரையும் சேராதே" என்று நீதிமொழிகள் 23:20 இரண்டையும் ஒரே வரியில் வைக்கிறது. சிங்கப்பூர் அரசு 2016-இல் நீரிழிவுக்கு எதிராகப் போர் தொடுப்பதாகவே அறிவித்தது. நம் இந்தியச் சமூகத்தில் அந்நோய் மிகுதி என்பதும் எல்லாரும் அறிந்ததே. ஆனாலும் சபை விருந்தில் மூன்றாவது முறை பிரியாணி வாங்குபவரை அன்போடு உபசரிக்கிறோம். புகைத்துவிட்டு வருபவரை முகம் சுளித்துப் பார்க்கிறோம். இந்தப் பாரபட்சத்திற்கு வேதத்தில் ஆதாரம் இல்லை.

அதே நேரத்தில் இரண்டிற்கும் வேறுபாடும் உண்டு. உணவு தேவன் தந்தது, மிகுதியே குற்றம். சிகரெட்டிலோ பாதுகாப்பான சிற்றளவு என்று ஒன்று இல்லை. என் தட்டிலுள்ள சோறு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் நுரையீரலுக்குள் போவதும் இல்லை.

வீட்டில் ஜன்னலோரம் நின்றுதான் பிடிக்கிறேன். யாருக்கு என்ன தொந்தரவு?

நம் அடுக்குமாடி வீடுகளின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். சமையலறை ஜன்னலில் நீங்கள் விடும் புகை மேலே ஏறுகிறது. மேல்வீட்டில் கம்பில் காயும் பள்ளிச் சீருடையில் அது படிகிறது. அந்த ஜன்னலுக்குப் பின்னால் ஆஸ்துமா உள்ள பிள்ளை படுத்திருக்கலாம். பாதிப் புகை காற்று திரும்பும்போது உங்கள் கூடத்திற்கே வந்துவிடுகிறது. பிறர் விடும் புகையைச் சுவாசிப்பதாலும் உலகில் ஆண்டுதோறும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள்.

பொதுத் தாழ்வாரத்திலும் கட்டடத்தின் அடியிலுள்ள வெற்றுத்தளத்திலும் மாடிப்படியிலும் புகைப்பதை 2013 முதல் சட்டம் தடுக்கிறது. சொந்த வீட்டுக்குள் தடுக்கவில்லை. சட்டம் நிற்கும் இடத்தில் அன்பும் நின்றுவிட வேண்டியதில்லை. ரோமர் 13:10-ஐ மறுபடியும் வாசியுங்கள். தன் உடலைப் பற்றிய கேள்வியில் ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். பேரப்பிள்ளை தூங்கும் வீட்டுக்குள் புகைப்பது பாவமா என்று கேட்டால், ஆம் என்று தயங்காமல் சொல்வேன்.

வேப் என்பது சிகரெட் அல்லவே? கைனியிலும் புகை வருவதில்லையே?

சிங்கப்பூரில் இருப்பவருக்கு இந்தக் கேள்வி எளிது. வேப் எனப்படும் மின்சிகரெட்டை வாங்குவது, வைத்திருப்பது, பயன்படுத்துவது எல்லாம் 2018 பிப்ரவரி முதல் குற்றம். கைனி, குட்கா, சர்தா, மூக்குப்பொடி ஆகியவை 2016 ஆகஸ்டிலிருந்து தடைசெய்யப்பட்டவை. எட்டோமிடேட் என்ற மயக்கமருந்து கலந்த வேப், 2025 செப்டம்பரில் போதைப்பொருள் சட்டத்தின் கீழேயே கொண்டுவரப்பட்டது. "எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்" என்ற ரோமர் 13:1, தேவனுடைய கட்டளைக்கு விரோதமில்லாத சட்டங்களுக்கு நம்மைக் கட்டுப்படுத்துகிறது. ஊரிலிருந்து வரும் உறவினரிடம் "இரண்டு பாக்கெட் கைனி கொண்டு வா" என்று சொல்லிவிடுபவர், அவரையும் சேர்த்துச் சிக்கலில் மாட்டிவிடுகிறார்.

ஜொகூருக்குப் போய் வரும்போது ஒரு பெட்டி மட்டும் சட்டைப்பையில் கொண்டு வருகிறேன். அதுவும் பாவமா?

சிங்கப்பூருக்குள் கொண்டுவரும் சிகரெட்டுக்குத் தீர்வை விலக்கு கிடையாது; ஒரு பெட்டியானாலும் அறிவித்துத் தீர்வை செலுத்த வேண்டும். "எவனுக்குத் தீர்வையைச் செலுத்தவேண்டியதோ அவனுக்குத் தீர்வையையும் செலுத்துங்கள்" என்று ரோமர் 13:7 சொல்வதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

என் மகன் நேஷனல் சர்வீஸில் (கட்டாயப் படைச்சேவையில்) இருக்கிறான். அங்கே போனபிறகு பழகிக்கொண்டான். கேட்டால் எல்லாரும் பிடிக்கிறார்கள் என்கிறான். நான் என்ன செய்வது?

முதலில் ஓர் உண்மை: 2021 ஜனவரி முதல் 21 வயதுக்குக் குறைந்தவர்கள் சிகரெட் வாங்கவோ வைத்திருக்கவோ புகைக்கவோ சட்டம் அனுமதிக்கவில்லை. உங்கள் மகனுக்கு 21 ஆகவில்லை என்றால், சட்டத்துக்குக் கீழ்ப்படிவதைப் பற்றி வேப் கேள்வியில் சொன்னதே பொருந்தும். இதை அவனிடம் ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்கள், அம்மா. ஒருமுறை போதும்.

அதன்பின் சட்டையை முகர்ந்து பார்ப்பதையும், பையைச் சோதிப்பதையும், சபையில் பெயர் சொல்லி ஜெபக்குறிப்புக் கொடுப்பதையும் தவிர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். "உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்" வளர்க்கும்படி எபேசியர் 6:4 சொல்வது பிதாக்களிடம் என்றாலும் தாய்மாருக்கும் அது உரியதே. வார இறுதியில் முகாமிலிருந்து வீட்டுக்கு வருவதே அவனுக்குச் சுமையாகிவிட்டால், அவன் கேட்கக்கூடிய ஒரே குரலையும் இழந்துவிடுவான். சாப்பாடு போட்டு, எப்போது தொடங்கினாய், எதற்காகத் தொடங்கினாய் என்று கேளுங்கள். சலிப்போ பயமோ தனிமையோ என்று அவன் சொல்லும் பதிலில்தான் நீங்கள் உதவக்கூடிய இடம் தெரியும்.

நான் கட்டுமான வேலை செய்கிறேன் பிரதர். நாள் முழுதும் வெயிலில் நின்றவனுக்கு அந்த ஒரு சிகரெட்தான் ஓய்வு. அதையும் பாவம் என்று சொல்லிவிட்டால் எப்படி?

ஓய்வு தேவை என்பது பாவமல்ல. களைத்து வந்த சீஷரிடம் இயேசு, வனாந்தரமான ஓரிடத்திற்கு வந்து சற்றே இளைப்பாறுங்கள் என்றே சொன்னார் (மாற்கு 6:31). புகைப்பவருக்கு ஐந்து நிமிட இடைவெளி கிடைக்கிறது, புகைக்காதவருக்கு அது கிடைப்பதில்லை என்று பல சகோதரர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படியானால் நீங்கள் தேடுவது சிகரெட்டையா, நிழலையும் அந்த ஐந்து நிமிடத்தையுமா என்று யோசித்துப் பாருங்கள். தண்ணீர் குடிக்கவும் உட்காரவும் கேட்பது உங்கள் உரிமை.

பணத்தையும் எண்ண வேண்டும். ஒரு பெட்டி 15 வெள்ளி என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு நாளைக்கு ஒன்று என்றால் மாதத்திற்கு 225 வெள்ளி. ஊரில் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் வாங்கிய கடனின் வட்டியும் எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும். "நீங்கள் அப்பமல்லாததற்காகப் பணத்தையும், திருப்திசெய்யாத பொருளுக்காக உங்கள் பிரயாசத்தையும் செலவழிப்பானேன்?" என்று ஏசாயா 55:2 கேட்கிறது. உங்கள் பிரயாசம் எவ்வளவு பெரியது என்று அறிந்த ஒருவர் கேட்கும் கேள்வி அது.

நாங்கள் கத்தோலிக்கர். இது சாவான பாவமா, அற்பப் பாவமா?

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, 2290-ஆம் எண்ணில், உணவு, மது, புகையிலை, மருந்து ஆகியவற்றில் எல்லா வகையான மிகுதியையும் தவிர்க்கத் தன்னடக்கம் நம்மைத் தூண்டுகிறது என்கிறது. புகைப்பதையே சாவான பாவம் என்று அது பெயரிடவில்லை. சாவான பாவத்திற்குக் கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் ஆகிய மூன்றும் வேண்டும் என்பதும், வேரூன்றிய பழக்கம் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்பதும் அதே ஏட்டின் போதனை. திருத்தந்தை பிரான்சிஸ், மக்களின் உடல்நலத்தைக் கெடுக்கும் பழக்கத்திற்குத் துணைபோக முடியாது என்று, 2018 முதல் வத்திக்கானில் சிகரெட் விற்பதை நிறுத்தினார். உங்கள் சொந்த நிலையை ஒப்புரவு அருட்சாதனத்தில் குருவானவரிடம் பேசுவதே முறை.

புகைப்பவர் ஞானஸ்நானம் எடுக்கலாமா? திருவிருந்தில் பங்குபெறலாமா?

சபைக்குச் சபை ஒழுங்கு வேறுபடுகிறது. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை, ஞானஸ்நானத்திற்கு முன்பே புகையிலையை விடும்படி கேட்கிறது. இரட்சணிய சேனையில் போர்வீரராக, அதாவது முழு உறுப்பினராக, சேர்பவர் அதைத் தொடுவதில்லை என்று உடன்படிக்கை செய்கிறார். வேறு பல சபைகள் அறிவுரையோடு நிறுத்திக்கொள்கின்றன. நீங்கள் சேர்ந்திருக்கும் சபையின் ஒழுங்கை மதியுங்கள்.

வேதத்தை மட்டும் கேட்டால், "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்" என்கிறது 1 கொரிந்தியர் 11:28. சோதித்தறிந்து விலகிப்போகக்கடவன் என்று எழுதப்படவில்லை. இரட்சிப்பு கிருபையினால் விசுவாசத்தைக்கொண்டு வருவது; சிகரெட்டை விட்டதற்குக் கிடைக்கும் பரிசு அல்ல.

ஜெபம் பண்ணிவிட்டு விட்டேன், மறுபடியும் விழுந்துவிட்டேன். நிக்கோட்டின் கம் மெல்லுவது அவிசுவாசம் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

உண்மையல்ல. மரணப்படுக்கையில் இருந்த எசேக்கியா ராஜாவுக்கு இன்னும் பதினைந்து வருஷம் தருவேன் என்று தேவன் வாக்குக் கொடுத்தார். ஆனாலும் அத்திப்பழத்து அடையை எடுத்துப் புண்ணின்மேல் பற்றுப்போடும்படி ஏசாயா சொன்னார் (ஏசாயா 38). வாக்குத்தத்தமும் மருந்தும் ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன. பவுலோடு பயணம் செய்த லூக்காவை வேதம் "பிரியமான வைத்தியன்" என்று அழைக்கிறது. சிலரை ஆண்டவர் ஒரே நாளில் விடுவிக்கிறார். அந்தச் சாட்சிகளுக்காக நன்றி சொல்கிறேன். பலரை அவர் மருந்தகத்தின் வழியாகவும் ஆலோசகரின் வழியாகவும் நடத்துகிறார். அதுவும் அவருடைய கைதான்.

நடைமுறையாகச் சொன்னால், விட்டபின் முதல் இரண்டு மூன்று நாட்களில் தவிப்பு உச்சத்தில் இருக்கும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தணிந்துவிடும். நிக்கோட்டின் கம்மும் ஒட்டும் பட்டையும் அந்த நாட்களைக் கடக்க உதவும். எந்த அளவு என்பதை மருந்தாளரிடம் கேளுங்கள். சுகாதார மேம்பாட்டு வாரியம் 28 நாள் திட்டம் ஒன்றை நடத்துகிறது. அதன் ஆலோசனைத் தொலைபேசிச் சேவையும் உண்டு. ஜெபக்குழுவில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி, தவிப்பு வரும் நேரத்தில் அவரை அழைப்பதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

விழுந்ததைப் பற்றி: "நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் திரும்பவும் எழுந்திருப்பான்" என்கிறது நீதிமொழிகள் 24:16. புகைப்பதை நிரந்தரமாக விட்டவர்களில் பெரும்பாலோர் முதல் முயற்சியிலேயே விட்டவர்கள் அல்லர். திரும்பத் திரும்ப எழுந்துகொண்டிருக்கும்வரை நீங்கள் தேவனைவிட்டுப் போய்விடவில்லை.

எங்கள் ஆராதனைக் குழுவில் கிதார் வாசிக்கும் அண்ணன் புகைக்கிறார். அது இடறல் அல்லவா?

இடறல் என்ற சொல்லை நாம் மிகத் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். 1 கொரிந்தியர் 8-இல் பவுல் சொல்வது, ஒருவரின் செயலைப் பார்த்து மற்றொருவர் தம் மனச்சாட்சிக்கு விரோதமாக அதையே செய்யத் துணிவதை. எனக்குப் பிடிக்கவில்லை, எனக்கு மனவருத்தம் என்பது மட்டும் இடறல் ஆகாது. ஆனால் குழுவில் உள்ள பதினைந்து வயதுப் பையன், அண்ணனைப் பார்த்து இதில் தவறில்லை என்று நினைக்கத் தொடங்கினால், அது பவுல் எச்சரித்ததேதான். முன்னால் நிற்பவர் இதை உணர வேண்டும்.

உங்களுக்குரிய வழி மத்தேயு 18:15-இல் இருக்கிறது: அவரிடம் தனியே போய்ப் பேசுங்கள். வாட்ஸ்அப் குழுவில் பொதுவாக ஒரு வசனத்தைப் போட்டு அவருக்கு உறைக்க வைப்பது தனியே பேசுவதாகாது.

நான் சிறிய மளிகைக் கடையில் வேலை செய்கிறேன். சிகரெட் விற்கவேண்டியிருக்கிறது.

முடிவெடுப்பவர் முதலாளி, நீங்கள் சம்பளத்திற்கு வேலை செய்பவர். யோவான்ஸ்நானனிடம் ஆயக்காரரும் போர்ச்சேவகரும் வந்து நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டபோது, வேலையை விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. அந்த வேலைக்குள் அநியாயம் செய்யாதிருங்கள் என்றார் (லூக்கா 3:12–14). வயதைச் சரிபார்க்காமல் ஒருபோதும் விற்காதீர்கள். மனம் உறுத்திக்கொண்டே இருந்தால் வேறு வேலை தேடுவதற்கும் உங்களுக்குச் சுதந்தரம் உண்டு. கடைக்குச் சொந்தக்காரரான விசுவாசியிடம் நான் வேறு விதமாகப் பேசுவேன்: எதை விற்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் உள்ளவர், அந்த அதிகாரத்திற்கு ஆண்டவரிடம் கணக்குக் கொடுக்க வேண்டியவர்.

என் கணவர் நுரையீரல் புற்றுநோயில் இறந்துபோனார். முப்பது வருஷம் புகைத்தார். தேவன் அவரைத் தண்டித்துவிட்டார் என்று சிலர் சொல்கிறார்கள்.

அக்கா, அப்படிச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் இல்லை. சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது, எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரைப்பார்க்கிலும் அவர்கள் குற்றவாளிகளா என்று கேட்டு, அல்லவென்று இயேசுவே பதில் சொன்னார் (லூக்கா 13:4–5). புகை நோயை உண்டாக்கியிருக்கலாம். அது உடலின் இயல்பு. ஒரே அளவு புகைத்த இருவரில் ஒருவர் எண்பது வயதுவரை இருப்பதும், வாழ்நாளில் ஒரு சிகரெட்டையும் தொடாத பெண்ணுக்கு இதே நோய் வருவதும் நாம் காண்பவை. காரணத்தைச் சொல்வது மருத்துவரின் வேலை. அதைத் தீர்ப்பாக மாற்றும் வேலை எவருக்கும் தரப்படவில்லை.

அவர் ஆண்டவரை விசுவாசித்தவர் என்றால், "கிறிஸ்து இயேசுவுக்குட்பட்டவர்களாயிருந்து, மாம்சத்தின்படி நடவாமல் ஆவியின்படியே நடக்கிறவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பில்லை" என்ற ரோமர் 8:1 அவருக்கும் எழுதப்பட்டது. ஆவியின்படி நடப்பது என்றால் ஒருமுறையும் தவறாமல் நடப்பது என்று நினைத்துக் கலங்காதீர்கள். விரும்பாத தீமையையே செய்கிறேன் என்று பவுல் புலம்பியது அதற்கு முந்தின அதிகாரத்தில்தான். துக்க வீட்டுக்குப் போகும் மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: "ஒரு நாளைக்கு எத்தனை பிடிப்பார்?" என்று அங்கே கேட்காதீர்கள். சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள். மருத்துவமனைக் கணக்கு, மத்திய சேமநிதிப் படிவங்கள் ஆகியவற்றில் கூடவந்து உதவ முடியுமென்றால் அதைச் சொல்லுங்கள்.